சரித்திர நாவலாசிரியரின் வாழ்க்கை வரலாறு எழுதுவது எப்படி? கல்கியை வைத்து ஒரு செய்முறை

கல்கி என்ற ரா. கிருஷ்ணமூர்த்தியைப் பற்றி நூலக மலருக்குக் கட்டுரை கேட்பார்கள், ஆண்டு விழாவுக்குச் சிறு நூல் கேட்பார்கள். கேட்ட உடனே பழைய கட்டுரை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு எழுத உட்காருவதுதான் வழக்கம். அதனால் ஒரு கட்டுரையில் நுழைந்த பிழை அடுத்ததற்கும், அதிலிருந்து அதற்கடுத்ததற்கும் போய்க்கொண்டே இருக்கிறது. "பொன்னியின் செல்வன் 1955 வரை தொடராக வந்தது" என்ற வாக்கியத்தை நீங்களும் படித்திருக்கலாம். கல்கி காலமானது 1954 டிசம்பர் 5. கல்கி இதழில் தொடர் வந்தது 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை. 1955 என்பது அது புத்தகமாக வந்த ஆண்டு. நூலின் ஆண்டைத் தொடரின் ஆண்டாக யாரோ எடுத்துக்கொண்டார்கள், மற்றவர்கள் அப்படியே பின்தொடர்ந்தார்கள்.

தொடர்கதை எழுதியவரின் வாழ்க்கையை எழுதும்போது மூன்று காலங்களைப் பிரித்து வைக்க வேண்டும். கதை நடக்கும் காலம் ஒன்று, பத்திரிகையில் வந்த காலம் ஒன்று, புத்தகமாக வந்த காலம் ஒன்று. இவற்றில் ஆசிரியரின் வாழ்க்கையோடு ஒட்டியிருப்பது நடுவில் உள்ளதுதான். அவர் உட்கார்ந்து எழுதியது அந்த வாரங்களில். ஆகவே பிறப்பு, படிப்பு என்று தொடங்குவதற்கு முன்னால் வாரக் கணக்கைப் போடுங்கள்.

வாரக் கணக்கு

நீளவாக்கில் ஒரு நோட்டு போதும், எக்ஸெல் தெரிந்தால் இன்னும் நல்லது. ஓர் இதழுக்கு ஒரு வரி. வரியில் ஆறு கட்டங்கள்: இதழ்த் தேதி, வந்த அத்தியாயங்களின் எண், அத்தியாயத் தலைப்பு, அதே இதழில் அவர் எழுதிய மற்றவை (தலையங்கம், விமரிசனம், பயணக் கட்டுரை), அந்த வாரம் அவர் வாழ்வில் நடந்ததாக வேறு சான்றில் தெரிவது, நீங்கள் நேரில் பார்த்தது எது என்பது. ஆறாவது கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு எது இதழில் பார்த்தது, எது எங்கோ படித்தது என்று அவர்களுக்கே தெரியாமல் போகிறது.

பொன்னியின் செல்வனுக்குக் கணக்கு இப்படி வரும். 1950 அக்டோபர் 29 ஞாயிற்றுக்கிழமை. 1954 மே 16-உம் ஞாயிறு. நடுவில் 1,295 நாள், அதாவது சரியாக 185 வாரம். இரண்டு முனைகளையும் சேர்த்தால், ஒரு வாரமும் தவறாமல் வந்திருந்தால், 186 இதழ். நாவலில் ஐந்து பாகம்: புது வெள்ளம் 57 அத்தியாயம், சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாக சிகரம் 91. மொத்தம் 293. இதழுக்குச் சராசரியாக ஒன்றரைக்குச் சற்று மேல். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனால், எந்த வாரம் ஒரு அத்தியாயம், எந்த வாரம் இரண்டு என்று பார்த்த உடனே குறித்துக்கொள்ளலாம். எழுத்து எங்கே வேகம் பிடித்தது, எங்கே தளர்ந்தது என்பது அந்த இரண்டாவது கட்டத்தைப் பார்த்தாலே தெரியும்.

கடைசிப் பாகம் முந்தைய பாகத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதற்குக் காரணம் சொல்லும் ஆசை யாருக்கும் வரும். உடல்நிலை, வாசகர் கடிதம், விற்பனை என்று ஊகித்து எழுதிவிடாதீர்கள். இதழ்களில் அவரே என்ன சொல்லியிருக்கிறார் என்று பாருங்கள், நாவலின் முடிவுரையையும் படியுங்கள். முடிந்த விதம் பற்றி வாசகர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு அங்கே பதில் எழுதியிருக்கிறார். பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். ஊகத்தைவிட அந்தச் சில பக்கங்கள் உங்களுக்கு அதிகம் கொடுக்கும்.

ஓர் இதழ் கிடைக்கவில்லை என்றால் அந்த வரியில் "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். "வரவில்லை" என்று எழுதினால் அது வேறு செய்தி. 1940-களின் இதழ்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அது போர்க்காலம், காகிதக் கட்டுப்பாடு இருந்த காலம். இதழ் எத்தனை நாளைக்கு ஒரு முறை வந்தது என்பதை அட்டையில் உள்ள தேதியிலிருந்தே எடுக்க வேண்டும். பிற்கால வழக்கத்தை வைத்து வாரம் ஒன்று என்று பெருக்கினால் அப்போது தொடராக வந்த பார்த்திபன் கனவு நாவலின் கணக்கு தப்பாகப் போகும்.

பைண்டு செய்த தொகுதியைப் படிப்பது

முழு இதழ்கள் எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைப்பது பெரும்பாலும் வீடுகளில் தொடரை மட்டும் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுதிகள். தமிழ் வீடுகளின் அழகான பழக்கம் அது. மணியத்தின் ஓவியங்களோடு கதையைப் படிக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஆய்வுக்கு அதில் ஒரு குறை உண்டு. கிழித்தபோது அட்டை போய்விட்டது, அட்டையோடு தேதியும் போய்விட்டது. பைண்டு செய்பவர் ஓரத்தை வெட்டிச் சமன் செய்யும்போது பக்க எண்ணும் சில சமயம் போய்விடும்.

தேதியைத் திரும்பப் பெற ஒரு வழி இருக்கிறது. தாளைத் திருப்புங்கள். அத்தியாயம் முடியும் பக்கத்தின் பின்புறத்தில் விளம்பரமோ வேறொரு கட்டுரையின் கடைசிப் பத்தியோ இருக்கும். "இன்று முதல்" என்று திரைப்பட விளம்பரம் இருந்தால் அந்தப் படம் வெளியான தேதியைக் கொண்டு வாரத்தைப் பிடிக்கலாம். பொங்கல், தீபாவளி வாழ்த்து இருந்தால் இன்னும் எளிது. தேர்தல், புயல், தலைவர் மறைவு பற்றிய குறிப்பு இருந்தால் நாளிதழோடு ஒப்பிடலாம். இப்படி ஒரு பாகத்தில் நான்கைந்து அத்தியாயங்களுக்கு உறுதியான தேதி கிடைத்துவிட்டால், நடுவில் உள்ளவற்றை வாரக் கணக்கால் நிரப்பலாம். நிரப்பியவற்றைப் பென்சிலில் எழுதுங்கள், உறுதியானவற்றை மையில் எழுதுங்கள்.

அந்தக் காலத் தாள் பழுப்பேறி, மடித்தால் ஒடிகிற நிலையில் இருக்கும். கம்பித் தையல் துருப்பிடித்துத் தாளையும் அரித்திருக்கும். ஆகையால் ஜெராக்ஸ் கண்ணாடியில் கவிழ்த்து அமுக்கக் கூடாது, முதுகு பிளந்துவிடும். மேஜையில் முக்கால் பங்கு மட்டும் திறந்து, இரண்டு பக்கமும் துணிச்சுருட்டு வைத்துத் தாங்கி, ஃபிளாஷ் இல்லாமல் மேலிருந்து கைப்பேசியில் படம் எடுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் வேண்டும். ஒரு நாளில் அரையாண்டுத் தொகுதி ஒன்றுக்கு மேல் பார்க்க முயலாதீர்கள். மாலையில் கண் சோர்ந்த நேரத்தில் 3-உம் 8-உம் ஒன்றாகத் தெரியத் தொடங்கும், தேதிப் பிழைகள் அப்போதுதான் உள்ளே வரும்.

எங்கே தேடுவது? சென்னையில் எழும்பூர் கன்னிமாரா நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இரண்டிலும் முதலில் கேளுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தையும் பாருங்கள். போவதற்கு முன்பே எந்த ஆண்டு, எந்த மாதம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் எடுத்துவைக்க அவர்களுக்கும் வசதி.

நூல் பதிப்பைப் பார்க்கும்போது "முதற்பதிப்பு" என்ற சொல்லை நம்பாதீர்கள். 1999-இல், கல்கியின் நூற்றாண்டில், அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆயின. அதன்பிறகு பல பதிப்பகங்கள் அவற்றை வெளியிட்டன, இன்றும் வெளியிடுகின்றன. 2000-களில் வந்த நூலில் "முதற்பதிப்பு" என்று போட்டிருந்தால், அந்தப் பதிப்பகத்தின் முதற்பதிப்பு என்றே அதற்குப் பொருள்.

வாழ்க்கைத் தேதிகள்

வாரக் கணக்கு தயாரான பிறகே வாழ்க்கைக் குறிப்புக்கு வாருங்கள். சாரம் இதுதான். 1899 செப்டம்பர் 9, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் புத்தமங்கலம். திருச்சியில் படிப்பு. 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பள்ளியை விட்டார், 1922-இல் ஓராண்டுச் சிறை. 1923-இல் திரு.வி.க.வின் நவசக்தி பத்திரிகை. பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு, மதுவிலக்குக்காக 1929-இல் தொடங்கிய விமோசனம் இதழ். 1930-இல் மறுபடி சிறை. 1930-களில் எஸ்.எஸ்.வாசனின் ஆனந்த விகடன். 1941-இல் தனிநபர் சத்தியாக்கிரகம், மூன்றாவது சிறை. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று டி.சதாசிவத்தோடு சேர்ந்து தொடங்கிய கல்கி இதழ்.

இதில் தவறுகிற இடங்கள் மூன்று. முதலாவது ஊர். புத்தமங்கலம் இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது, அந்த மாவட்டம் உருவானது 2020-இல். பழைய சான்றுகளில் மாயவரம் என்றும் மாயூரம் என்றும் வரும். பிறந்த இடத்துக்கு அன்றைய மாவட்டப் பெயரை எழுதி, இன்றைய பெயரை அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள்.

இரண்டாவது தமிழ் ஆண்டு. குடும்பக் குறிப்புகளிலும் ஜாதகங்களிலும் விகாரி, விஷு, ஜய என்றே இருக்கும். இவை அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வருகிற பெயர்கள். அதோடு ஏப்ரல் நடுவில் தொடங்கி அடுத்த ஏப்ரலில் முடிபவை. விகாரி ஆவணி என்றால் 1899, விகாரி தை என்றால் 1900. இந்த ஒரு படியைத் தவறவிட்டு ஓர் ஆண்டு முன்பின்னாக அச்சான தேதிகள் நிறைய உண்டு.

மூன்றாவது சிறை. கைதான நாள், தண்டனைக் காலம், உண்மையில் உள்ளே இருந்த காலம் மூன்றும் வேறு வேறு. "ஆறு மாதம் சிறையில் இருந்தார்" என்று எழுதும்போது தண்டனையைச் சொல்கிறீர்களா, இருந்த நாளைச் சொல்கிறீர்களா என்பதை வாசகருக்குத் தெரியும்படி எழுதுங்கள். சுதேசமித்திரன், தி இந்து நாளிதழ்களின் பழைய படச்சுருள்களில் தீர்ப்புச் செய்தியைத் தேடிப் பார்க்கலாம்.

கிருஷ்ணமூர்த்தி "கல்கி" என்ற பெயரை ஏன் வைத்துக்கொண்டார் என்பதற்குப் பல விளக்கங்கள் உலவுகின்றன. திரு.வி. கல்யாணசுந்தரனாரின் (திரு.வி.க.) "கல்", கிருஷ்ணமூர்த்தியின் "கி" என்பார்கள். கல்கி அவதாரம் என்பார்கள். யார், எப்போது சொன்னது என்று போட்டு எழுதுங்கள். "கல்" என்பது மனைவி பெயர் என்ற கதையை மட்டும் விட்டுவிடலாம், அவர் மனைவி பெயர் ருக்மிணி.

புனைபெயர்களுக்குத் தனித் தாள் போடுங்கள். இசை, நடன விமரிசனங்களுக்கு "கர்நாடகம்". அகஸ்தியர், லாங்கூலன் போன்ற வேறு பெயர்களும் உண்டு. வாரக் கணக்கின் நான்காவது கட்டத்தில் இந்தப் பெயர்களையும் சேர்த்தால்தான் ஒரே இதழில் எத்தனை வேலை அவர் தலையில் இருந்தது என்பது தெரியும். நாவலாசிரியர் என்று மட்டும் எழுதிவிட்டு மேடைக் கச்சேரியையும் தமிழிசையையும் விட்டுவிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

கல்வெட்டும் கதையும்

வேலையின் நெஞ்சுப் பகுதி இதுதான். சரித்திர நாவலாசிரியர் எதை எடுத்தார், எதைக் கட்டினார் என்று காட்ட வேண்டும். இதற்கு நான்கு கட்டங்கள்: அத்தியாயம், கதையில் வருவது, சான்றில் உள்ளது, அந்தச் சான்று அச்சில் வந்த ஆண்டு. நான்காவது கட்டம் இல்லாத ஒப்பீடு நியாயமாகாது. அவர் இறந்த பிறகு வெளியான ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு "கல்கிக்கு இது தெரியவில்லை" என்று எழுதுவது தவறு. அவர் எழுத உட்கார்ந்தபோது கே.ஏ.நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறு ஆங்கிலத்தில் 1935, 1937-இல் வெளியாகியிருந்தது. தி.வை.சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரம் முதற்பகுதி 1949-இல், தொடர் தொடங்குவதற்கு ஓராண்டு முன்னால், வந்திருந்தது.

ஓர் இடத்தை நெருங்கிப் பார்க்கலாம். காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனை (இராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனை)க் கொன்ற துரோகிகளின் சொத்தைப் பறிமுதல் செய்த செய்தி அதில் வருகிறது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று பெயர்கள். பிரமாதிராஜன் என்பது அரசு அலுவலில் இருந்த பிராமணர்கள் தாங்கிய பட்டம். நாவலிலோ ரவிதாசன், பாண்டியனைக் காக்கச் சபதம் செய்த ஆபத்துதவிக் கூட்டத்தைச் சேர்ந்த மந்திரவாதியாக, ஆந்தைக் குரலில் கத்தி நள்ளிரவில் வருகிறான். கல்லில் இருப்பது பெயரும் குற்றமும் பட்டமும். கொன்றதற்குக் காரணம் கல்லில் இல்லை. இல்லாத அந்தக் காரணத்தைத்தான் நாவல் கட்டியிருக்கிறது. உங்கள் கட்டத்தில் "பெயர், பட்டம்: சான்று உண்டு, தொழில், நோக்கம்: கற்பனை" என்று பிரித்து எழுதுங்கள். மொத்தமாக "சரித்திரப் பாத்திரம்" என்று முத்திரை குத்திவிட்டால் கல்கியின் கைவேலை முழுவதும் மறைந்துபோகும்.

வந்தியத்தேவனுக்கும் இப்படியே. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவை, இராஜராஜனின் திருத்தமக்கையார் என்றும் வல்லவரையர் வந்தியதேவர் மகாதேவியார் என்றும் குறிக்கப்படுகிறார். கணவர் பெயராக வருகிற அந்தச் சில சொற்களிலிருந்து, வீராணம் ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று குதிரைமேல் வருகிற இளைஞனை எழுப்பியிருக்கிறார். அருண்மொழி (பின்னாளில் இராஜராஜன்) அரசை விட்டுக்கொடுத்தது பற்றித் திருவாலங்காட்டுச் செப்பேடு பேசுகிறது, அது தென்னிந்தியக் கல்வெட்டுகள் 3-ஆம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், மந்தாகினி ஆகியோர் கற்பனை. சிவகாமியின் சபதத்தில் சிவகாமியும் ஆயனரும் கற்பனை. மகேந்திரவர்மர், மாமல்லர், புலிகேசி, பரஞ்சோதி ஆகியோருக்கும் வாதாபி வெற்றிக்கும் சான்று உண்டு.

கல்வெட்டைப் படிக்கும்போது அச்சான வாசகத்தையே எடுங்கள். சுவரைப் படம் எடுத்து நீங்களே படிக்க முயன்றால், எழுத்துப் பயிற்சி இல்லாதவர்களுக்குப் பிழைதான் வரும். கோயிலுக்குப் போவது வேறு காரியத்துக்கு: அந்தக் கல் எந்தச் சுவரில், எந்த உயரத்தில், எந்தத் திசை பார்த்து இருக்கிறது என்று பார்ப்பதற்கு. கட்டுரையில் அந்த ஒரு வரி இருந்தால் படிப்பவர் தாமும் போய்ப் பார்ப்பார்.

எழுதிய வரிசையும் சரித்திர வரிசையும் வேறு. பார்த்திபன் கனவு 1941-இல் தொடங்கி 1943-இல் முடிந்தது, சிவகாமியின் சபதம் 1944 முதல் 1946 வரை. சரித்திரத்தில் சபதத்தின் கதை முந்தியது. வாழ்க்கை வரலாற்றில் எழுதிய வரிசையில்தான் பேச வேண்டும். பார்த்திபன் கனவில் நடுவயது மன்னராகப் படைத்த மாமல்லரை அடுத்ததில் இளவரசராகப் படைக்க நேர்ந்தது எப்படி என்பது அப்போதுதான் கேள்வியாகவே எழும்.

மழுப்பக் கூடாதவை

புகழ்மொழி மட்டும் உள்ள வரலாறு ஆளைக் காட்டாது. பாரதி மகாகவியா என்ற விவாதத்தில் 1930-களில், மகாகவிதான் என்ற எழுத்தாளர் வ.ரா.வுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் கல்கி. பிறகு எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழும்ப வாசகர்களிடம் நிதி திரட்டி முன்னின்றவரும் அவரே. இரண்டையும் எழுதுங்கள், தேதி வரிசையில் எழுதுங்கள். முதலாவதை விட்டுவிட்டால் இரண்டாவதன் கனம் குறைந்துவிடும். மணிக்கொடி இதழின் எழுத்தாளர்கள் அவர்மீது வைத்த விமரிசனத்தையும், அவர் தந்த பதிலையும் அவரவர் சொற்களில் கொடுங்கள், தீர்ப்பு எழுத வேண்டாம்.

சாகித்திய அகாதெமி விருது 1956-இல் அலை ஓசைக்குக் கிடைத்தது. அவர் இறந்து ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு, அதுவும் சரித்திர நாவல் அல்லாத ஒன்றுக்கு. "பொன்னியின் செல்வனுக்காக விருது பெற்றார்" என்ற வரி வந்தால் அடித்துவிடுங்கள். அமரதாரா அவர் முடிக்காமல் விட்ட கதை, மகள் ஆனந்தி முடித்தார். அதிலிருந்து மேற்கோள் எடுத்தால் யார் எழுதிய பகுதி என்று பார்த்து எடுங்கள். 2022, 2023-இல் வந்த படங்களைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வருபவர்கள் இன்று அதிகம். நாவல் நிகழ்ச்சியைச் சொல்லும்போது பாகமும் அத்தியாய எண்ணும் போடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும், அத்தியாய எண் மாறாது.

மேற்கோளும் படமும்

கல்கியின் எழுத்திலிருந்து எவ்வளவு நீளமாகவும் எடுத்துப் போடலாம். நாட்டுடைமை ஆனது ஒருபுறம், ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு கடந்தது இன்னொருபுறம். ஓவியங்களுக்கு இது பொருந்தாது. அவற்றின் உரிமைக் காலம் ஓவியரின் மறைவிலிருந்து தனியாகக் கணக்கிடப்படும். மணியத்தின் படத்தை அட்டையில் போட நினைத்தால் உரிமையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சுந்தா எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறான பொன்னியின் புதல்வர், கல்கியின் எழுத்து அல்ல. அதிலிருந்து பத்தி பத்தியாக எடுக்காமல் செய்தியை மட்டும் எடுத்து, சுந்தா சொன்னது என்று பெயர் போடுங்கள்.

அச்சுக்குப் போகும் முன் இன்னொருவரை உட்காரவைத்து வாரக் கணக்கை அவர் கையில் கொடுங்கள், நீங்கள் கட்டுரையை உரக்கப் படியுங்கள். ஒவ்வொரு தேதி வரும்போதும் அவர் நோட்டில் விரல் வைக்கட்டும். நோட்டில் இல்லாத தேதி வந்தால் அங்கேயே நிறுத்தி, சான்று கிடைக்கும்வரை அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் நோட்டின் பிரதி ஒன்றை உங்களுக்கு உதவிய நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். "பார்க்கவில்லை" என்று நீங்கள் விட்ட வரிகளை அடுத்து வருபவர் நிரப்பிக்கொள்வார்.